டாக்டர் ஹூ ஒலி நாடகங்கள்: பிடித்த டாக்டரிலிருந்து தொடங்கலாமா?

‘டாக்டர் ஹூ’ பி.பி.சி.யின் அறிவியல் புனைவுத் தொடர். காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் டாக்டர், சாகும் நிலை வந்தால் உருவம் மாறுவார், நடிகரும் மாறுவார். டி.வி.யில் அதைப் பார்த்துவிட்டு ஒலி நாடகங்கள் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். தங்களுக்குப் பிடித்த டாக்டர் யாரோ, அவர் நடித்த நாடகத்தைத் தேடி வாங்குகிறார்கள். டேவிட் டெனன்ட் ரசிகர் டெனன்டை வாங்குவார், கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் ரசிகர் எக்கிள்ஸ்டனை. பணம் வீணாகாது, நடிப்பும் நன்றாகவே இருக்கும். ஆனால் கேட்டு முடித்ததும், டி.வி. எபிசோடு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட மாதிரி இருந்தது என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் நிறைய. இந்த ஒலி உலகத்தின் நல்ல சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது. டி.வி. யாரை அரைகுறையாகப் பயன்படுத்தி அனுப்பிவிட்டதோ அவர்களிடம். 1996-இல் ஒரே ஒரு டெலிஃபிலிமோடு நின்றுபோன எட்டாம் டாக்டர் பால் மெக்கேன், 1986-இல் பதவி பறிக்கப்பட்ட ஆறாம் டாக்டர் காலின் பேக்கர், ஓரிரண்டு கதையில் தலைகாட்டிவிட்டுப் போன துணைப் பாத்திரங்கள். எங்கே தொடங்குவது என்று முடிவு செய்யும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும்.

இவற்றைத் தயாரிப்பது பிக் ஃபினிஷ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், பி.பி.சி.யிடம் உரிமம் பெற்று. 1998-இல் பெர்னிஸ் சம்மர்ஃபீல்ட் என்ற தொல்லியலாளரை நாயகியாக வைத்துத் தொடங்கினார்கள். பெர்னிஸ் டி.வி.யில் வந்தவரே அல்ல. 1992-இல் வெளியான டாக்டர் ஹூ நாவல் ஒன்றில் பிறந்தவர். 1999 ஜூலையில் ‘தி சைரன்ஸ் ஆஃப் டைம்’ வந்தது. பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் என மூன்று டாக்டர்களும் அதில் நடித்தார்கள். அப்போது டி.வி.யில் தொடரே கிடையாது. 1989-இல் நிறுத்தப்பட்டது 2005-இல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட வருடங்களில் இந்த நாடகங்களே ரசிகர்களுக்கு நடப்புத் தொடராக இருந்தன. அந்த மாதாந்திர வரிசை 2021 மார்ச்சில் 275-ஆம் வெளியீட்டோடு முடிந்தது. இப்போது வருபவை பெரும்பாலும் பாக்ஸ் செட்டுகள். 2015 முதல் புதிய தொடரின் பாத்திரங்களையும் பயன்படுத்த அனுமதி கிடைத்ததால் பட்டியல் இன்னும் பெருத்துவிட்டது.

பட்டியலில் எண் போட்டிருப்பதைப் பார்த்து ஒன்றிலிருந்து வரிசையாகப் போவதுதான் முதல் பொறி. மாதாந்திர வரிசை எண் என்பது வெளிவந்த வரிசை மட்டுமே. 5-ஆவதில் ஒரு டாக்டர், 6-ஆவதில் இன்னொருவர், இரண்டு கதைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிந்தைய வருடங்களில் ஒரே டாக்டருக்கு அடுத்தடுத்து மூன்று கதை என்று தொகுத்தார்கள். அங்கே மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, முதலாவதான ‘சைரன்ஸ்’ வரலாற்றுக்கு முக்கியம், காதுக்குச் சுமார். கை பழகாத காலத்து வேலை என்பது கேட்டால் தெரியும். ஐம்பது நாடகம் கேட்டபிறகு அதற்குத் திரும்பி வந்தால் பாசத்தோடு கேட்கலாம்.

செலவு குறைவாக இருக்க வேண்டும், ஒரு கதை கேட்டால் அது அங்கேயே முடிய வேண்டும் என்பவர்களுக்கு அந்த வரிசையின் முதல் ஐம்பதுதான் சரியான இடம். இவற்றை டவுன்லோடு ஒன்றுக்கு 2.99 பவுண்ட் என்று நெடுநாளாக மலிவாக விற்றுவருகிறார்கள். ஒரு நாடகம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பெரும்பாலும் நான்கு பாகம், பாகத்துக்கு 25 முதல் 30 நிமிடம், ஒவ்வொன்றின் முடிவிலும் பழைய தொடரைப் போலவே ஒரு ‘தொடரும்’ அதிர்ச்சி. ரயிலிலோ பஸ்ஸிலோ வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த அளவு கச்சிதம். போகும்போது ஒரு பாகம், வரும்போது ஒரு பாகம், இரண்டே நாளில் கதை முடியும்.

இந்த ஐம்பதில் நேரே போய் எடுக்க வேண்டியவை சில உண்டு. 34-ஆவது ‘ஸ்பேர் பார்ட்ஸ்’, மார்க் பிளாட் எழுதி 2002-இல் வந்தது. மனிதரை உலோக உடம்பாக மாற்றும் சைபர்மேன்கள் என்ற எதிரிகள் எப்படி உருவானார்கள் என்ற கதை. மோண்டாஸ் கிரகத்தின் நிலத்தடி நகரம், 1950-களின் இங்கிலாந்து வாடை அடிக்கும் தெருக்கள், ஹார்ட்லி என்ற எளிய குடும்பம். ஆட்களை அழைத்துக்கொண்டுபோய் உலோக உடம்பாக மாற்றுவது அங்கே ஏதோ முனிசிபாலிட்டி வேலைபோல நடக்கிறது. மாற்றம் முழுமையாகாத ஒரு உயிர் தன் வீட்டுக்கே வந்து நிற்கும் காட்சியை டி.வி.யில் காட்டியிருந்தால் ஒப்பனையைத்தான் பார்த்திருப்போம். இங்கே அந்தக் குரல் மட்டும் இருக்கிறது. 1966-இல் சைபர்மேன்கள் முதன்முதலில் பேசிய, ஏற்ற இறக்கம் தப்பிய அந்த ராகக் குரலையே இதிலும் பிடித்திருக்கிறார்கள். 2006-இல் டி.வி.யில் சைபர்மேன்களின் கதையை மறுபடி எடுத்தபோது மார்க் பிளாட்டுக்கு நன்றி போட்டார்கள்.

40-ஆவதான ‘ஜூபிலி’யைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ராப் ஷியர்மன் எழுதிய இந்த நாடகத்திலிருந்துதான் 2005-இல் எக்கிள்ஸ்டன் நடித்த ‘டாலெக்’ எபிசோடு வந்தது, எழுதியவரும் அவரே. அதனால் தெரிந்த கதைதானே என்று தவிர்த்துவிடுகிறார்கள். டி.வி. எடுத்துக்கொண்டது, அடைபட்டுக் கிடக்கும் ஒற்றை டாலெக்கும் (உலோகக் கூட்டுக்குள் வாழும், டாக்டரின் பரம எதிரி இனம்) அதனோடு பேசப் போகும் பெண்ணும் என்ற கருவை மட்டும். நாடகத்தில் டாலெக்குகளை வென்றதைக் கொண்டாடும் ஓர் இங்கிலிஷ் சாம்ராஜ்யம் இருக்கிறது, லண்டன் கோபுரத்தில் கைதியாக அந்த டாலெக் இருக்கிறது, வெற்றியைப் பெருமையடிக்கும் ஒரு போலி சினிமா டிரெய்லரோடு கதை தொடங்குகிறது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது குரூரமாக மாறும். அதே ஷியர்மனின் ‘தி ஹோலி டெரர்’ (14) இன்னும் மோசம், நல்ல அர்த்தத்தில்தான்: உருவம் மாற்றும் உயிரி ஒன்று பென்குவின் வடிவில் டாக்டரோடு வருகிறது. அதைக் கேட்டு, குழந்தைகளுக்கான காமெடி என்று நினைத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடாதீர்கள். கடைசிப் பாகம் அப்படிப்பட்டதல்ல.

‘ஜூபிலி’, ‘ஹோலி டெரர்’ இரண்டும் காலின் பேக்கர் கதைகள் என்பது தற்செயல் அல்ல. டி.வி.யில் அவருக்குக் கிடைத்தது கண்ணைக் குத்தும் பல வண்ணக் கோட்டும், எரிச்சலூட்டும் வசனங்களும். ஒலியில் முதலில் காணாமல் போனது அந்தக் கோட்டு! அடுத்து, 6-ஆவதான ‘தி மேரியன் கான்ஸ்பிரசி’யில் எவலின் ஸ்மைத் என்ற நடுவயது கடந்த வரலாற்றுப் பேராசிரியரை அவரோடு சேர்த்தார்கள். மேகி ஸ்டேபிள்ஸ் நடித்த எவலின், டாக்டர் வாய்நீளம் காட்டினால் சும்மா இருக்க மாட்டார். பதிலுக்கு டீச்சர் தோரணையில் வாங்கு வாங்கென்று வாங்குவார். அந்த உறவில்தான் ஆறாம் டாக்டர் மனிதரானார். டி.வி.யில் அவரைப் பிடிக்காதவர்கள் இங்கே தொடங்கினால் வித்தியாசம் உறைக்கும்.

எட்டாம் டாக்டருக்கு வருவோம். இவர் விஷயத்தில் மூன்று நுழைவாயில்கள் உண்டு. எதில் நுழைகிறோம் என்பதைப் பொறுத்து அனுபவமே மாறும், செலவும் மாறும்.

பழைய வழி, 2001 ஜனவரியில் வந்த ‘ஸ்டார்ம் வார்னிங்’ (16). 1930 அக்டோபரில் பிரான்ஸில் விழுந்து எரிந்த ஆர்-101 என்ற உண்மையான ஆகாயக் கப்பலில் கதை. அதில் திருட்டுத்தனமாக ஏறிய சார்லி பொல்லார்ட், விபத்தில் செத்திருக்க வேண்டியவள், டாக்டர் காப்பாற்றிவிடுகிறார். அதன் விளைவு அடுத்தடுத்த கதைகளில் வட்டியும் முதலுமாக வந்து நிற்கிறது. இந்தியா ஃபிஷரின் குரலில் சார்லி அலாதி. குறை என்னவென்றால் தொடக்கம். தனியாக இருக்கும் டாக்டர், வெளியே என்ன பறக்கிறது, தான் என்ன செய்கிறார் என்றெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருப்பார். காட்சியில்லாத ஊடகத்தில் புதிதாக எழுதுகிற எவரும் செய்யும் தவறு அது. பத்து நிமிடம் பொறுத்தால் சரியாகிவிடும். இதே வரிசையின் 19-ஆவது, ‘மினுவெட் இன் ஹெல்’, அமெரிக்காவில் நடக்கிறது. அதில் வரும் அமெரிக்க உச்சரிப்புகளைச் சகிப்பது சிரமம், தாண்டிப் போனாலும் குடி முழுகாது.

இந்த வழியில் போவதற்கான காரணம் 29-ஆவது, ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’. எட்வர்டு மன்னர் காலத்துப் பெரிய வீடு ஒன்றின் வேலைக்காரர் பகுதி, கிறிஸ்துமஸ் முந்தின இரவு, ஒவ்வொருவராகச் சாகிறார்கள், கடிகாரம் அடிக்கிறது, எல்லாம் திரும்பத் தொடங்குகிறது. சொன்ன வசனத்தையே இவர்கள் திரும்பச் சொல்லும்போது காதுதான் முதலில் விழித்துக்கொள்ளும். கண்ணால் பார்த்தால் இந்தக் கதை இவ்வளவு வேலை செய்யாது. ஆனால் இதை மட்டும் தனியாக வாங்கிக் கேட்காதீர்கள். முடிச்சு அவிழும் இடம் சார்லி எப்படிப் பிழைத்தாள் என்பதைத் தொட்டு நிற்கிறது. குறைந்தபட்சம் ‘ஸ்டார்ம் வார்னிங்’ கேட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்த்து ஆறு பவுண்டுக்குள் முடியும் இந்த ஜோடிதான், விலைக்கு மதிப்பு என்று பார்த்தால், பட்டியல் முழுவதிலும் நல்ல பேரம்.

அதன்பின் எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். 33-ஆவதான ‘நெவர்லேண்ட்’ பெரிய திடுக்கிடலோடு முடிகிறது. அதற்கு விடை 50-ஆவதான ‘ஸாக்ரியஸ்’, 2003 நவம்பரில், தொடரின் 40-ஆம் ஆண்டுக்கு வந்தது. மூன்று சிடி, ஏறக்குறைய நான்கு மணி நேரம். பழைய டாக்டர்களை எல்லாம் கூட்டிவந்து அவர்களுக்கு வேறு வேறு வேடம் கொடுத்த ஒரு விசித்திரம். இதைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, பாதியில் ஹெட்ஃபோனைக் கழற்றியவர்களும் உண்டு. வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டால் ஒன்றும் புரியாது. இரண்டு மூன்று அமர்வாகப் பிரித்து, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க முடியுமென்றால் மட்டும் எடுக்கவும்.

இரண்டாவது வழி லூசி மில்லர். ‘பிளட் ஆஃப் தி டாலெக்ஸ்’ 2006 டிசம்பர் 31 அன்று பி.பி.சி. 7 வானொலியில் ஒலிபரப்பானது. வானொலிக்கென்று எழுதியதால் ஒரு எபிசோடு ஏறத்தாழ 50 நிமிடம். 2005-க்குப் பிந்தைய டி.வி. தொடரின் ஓட்டத்தையே பிடித்திருப்பார்கள். ஷெரிடன் ஸ்மித்தின் லூசி, பிளாக்பூல்காரி. டாக்டரை முதல் நிமிடமே பிடிக்காது, அதை மறைக்கவும் மாட்டாள். டெனன்ட் காலத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிட இயல்பான நுழைவாயில் கிடையாது. ‘ஹாரர் ஆஃப் கிளாம் ராக்’கில் பெர்னார்ட் கிரிபின்ஸ் வருகிறார், டி.வி.யில் டெனன்ட் காலத்துத் தொடரில் வில்ஃப்ரெட் தாத்தாவாக அறிமுகமாவதற்கு முன்பே. இந்தத் தொடர் நான்கு சீசனோடு 2011 மார்ச்சில் முடிகிறது. கடைசி இரண்டு எபிசோடுகளைப் பயணத்தில் கேட்க வேண்டாம் என்பது மட்டும் சொல்லிவைக்கலாம்.

மூன்றாவது, பாக்ஸ் செட் வழி. 2012-இல் வந்த ‘டார்க் ஐஸ்’, முதல் உலகப் போர்க்களத்தில் தொடங்குகிறது. நான்கு செட், செட்டுக்கு நான்கு எபிசோடு. அதற்கடுத்து ‘டூம் கோயலிஷன்’, அதே நான்குக்கு நான்கு. அப்புறம் ‘ராவனஸ்’, ‘ஸ்ட்ராண்டட்’. தொடர்கதை என்றால் இதுதான் தொடர்கதை. இங்கே நேரும் தவறு என்னவென்றால், தள்ளுபடி வரும்போது மூன்றாவது செட் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கிவிடுவது. நடுவில் ஏறினால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியாது. ‘டார்க் ஐஸ்’ முதல் செட் முழுக்க நிக்கோலஸ் பிரிக்ஸ் எழுதியது, தனியாகவும் நிற்கும். இரண்டாவது செட்டிலிருந்து லிவ் சென்கா வருகிறாள். நிக்கோலா வாக்கரின் அந்த வறண்ட நகைச்சுவைக்காகவே பலர் தொடர்ந்து வாங்கினார்கள். சேர்த்துப் பார்த்தால் ‘டூம் கோயலிஷன்’ மேலானது. தி இலெவன் என்ற, டாக்டரைப் போலவே உருவம் மாறிவந்த வில்லனின் தலைக்குள் அவனுடைய முந்தைய பிறவிகள் அத்தனையும் விழித்திருந்து சண்டை போடுகின்றன. மார்க் பொன்னர் ஒரே மூச்சில் எல்லாக் குரலிலும் பேசுகிறார். திரையில் இதை எடுத்தால் நடிகர் நிறைய முகம் காட்ட வேண்டியிருக்கும், கேலிக்கூத்தாகிவிடும்.

2013-இல் வந்த ‘தி நைட் ஆஃப் தி டாக்டர்’ குறும்படத்தில் மெக்கேன், சார்லி, கிரிஸ், லூசி, டாம்சின், மாலி என்று ஒலி நாடகத் துணைவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார் அல்லவா? ஒலி நாடகத்தை ஒருபோதும் கேட்காதவர்களுக்கு அது வெறும் பட்டியல். கேட்டவர்களுக்கு அந்த வரி தொண்டையை அடைக்கும். இந்த நாடகங்கள் டி.வி. தொடரின் கதைக் கணக்கில் சேருமா சேராதா என்ற பழைய வழக்குக்கு ரசிகர்கள் இன்றும் அதைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

இப்போது டெனன்ட், எக்கிள்ஸ்டன். 2016 மே மாதம் டெனன்டும், டி.வி.யில் அவருடைய துணைவி டோனாவாக நடித்த கேத்தரின் டேட்டும் மூன்று ஒரு மணி நேரக் கதைகளில் திரும்பினார்கள். 2017-இல், ரோஸாக நடித்த பில்லி பைப்பரோடு இன்னொரு மூன்று. டோனாவின் குரல் காதில் விழும் அந்த முதல் நிமிடம் எந்த ரசிகருக்கும் இனிக்கும். சிக்கல் எழுத்தில்தான். டி.வி.யில் இந்தக் காலகட்டத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பது முடிவாகிவிட்டது. இடையில் செருகும் கதை யாரையும் மாற்ற முடியாது, எதையும் உடைக்க முடியாது. அதனால் பத்திரமான கதைகள். எக்கிள்ஸ்டன் 2021-இல் ‘ராவேஜர்ஸ்’ செட்டோடு வந்தார். ஒரே சீசனோடு டி.வி.யை விட்டுப் போனவர் என்பதால் அவருக்கு விரிவதற்கு இடம் அதிகம், பிந்தைய செட்டுகளில் அது தெரிகிறது. ஜான் ஹர்ட்டின் போர் டாக்டர் இன்னும் தெளிவான உதாரணம். டி.வி.யில் அவருக்கு ஒரே ஒரு சிறப்பு எபிசோடு. ஒலியில் நான்கு செட், பன்னிரண்டு கதை. 2017 ஜனவரியில் அவர் மறைந்ததோடு அது நின்றது. டாக்டரின் இனமான டைம் லார்டுகளின் தலைமையாக வரும் ஜாக்குலின் பியர்ஸோடு அவர் மோதும் காட்சிகளுக்காகவே முதல் செட்டான ‘ஒன்லி தி மான்ஸ்ட்ரஸ்’ வாங்கத் தகும்.

டாக்டரே இல்லாத தொடர்களில் எது? இங்கேதான் காதுக்கேற்ற எழுத்து அதிகம் என்பது ஒரு முரண்.

‘டார்ச்வுட்’ என்ற டி.வி. கிளைத் தொடர் 2015 முதல் தனித்தனி ஒரு மணி நேர ஒலி நாடகங்களாக வந்தது. பலவற்றில் இரண்டே பாத்திரம்தான். இரண்டாவதான ‘ஃபால் டு எர்த்’தில் விழுந்துகொண்டிருக்கும் விண்கலத்தில் டார்ச்வுட் குழுவின் யான்டோ, தொலைபேசியின் மறுமுனையில் எதையோ விற்க அழைத்த ஒரு பெண். அவ்வளவுதான் கதை, அவ்வளவுதான் செட். இரண்டு குரல் மட்டும் என்பதால் யார் பேசுகிறார்கள் என்ற குழப்பமே வராது. ஒலி நாடகம் தனக்கு ஒத்துவருமா என்று சோதிக்க இதைவிடச் சிறிய முதலீடு இல்லை. டி.வி. தொடரைப் போலவே இதுவும் பெரியவர்களுக்கானது.

‘ஜேகோ அண்ட் லைட்ஃபுட்’ 1977-இன் டி.வி. கதை ஒன்றில் வந்த நாடகக் கொட்டகை முதலாளியும் பிணப் பரிசோதனை டாக்டரும் விக்டோரியா கால லண்டனில் மர்மங்களைத் துப்பறிவது. 2010 முதல் பதின்மூன்று சீசன் ஓடியது, 2017-இல் லைட்ஃபுட்டாக நடித்த ட்ரெவர் பாக்ஸ்டர் மறையும்வரை. அந்த மூலக் கதையில் வெள்ளை நடிகர் சீனராக வேடம் போட்டிருப்பதும் அதையொட்டிய சித்திரிப்பும் இன்று நெளிய வைக்கும். நல்லவேளை, இந்த நாடகங்களைக் கேட்க அதைப் பார்த்தே ஆக வேண்டியதில்லை. 2009-இல் வந்த ‘தி மஹோகனி மர்டரர்ஸ்’ என்ற ஒற்றை நாடகத்தில் தொடங்கலாம். ஆங்கிலம் இரண்டாம் மொழியானவர்களுக்கு ஒரு தடை உண்டு. கிறிஸ்டோபர் பெஞ்சமினின் ஜேகோ, நம் கூத்துக் கட்டியங்காரனைப் போல, மோனை மோனையாக அடுக்கிக்கொண்டே போவார். பாதி வார்த்தைகள் அகராதியில்தான் கிடைக்கும். ஓசைக்காகக் கேட்டால் சுகம்; ஒவ்வொன்றையும் புரிந்துகொண்டே தீருவேன் என்று உட்கார்ந்தால் களைப்பு.

‘டாலெக் எம்பயர்’ (2001) அசல் விண்வெளிப் போர்க்கதை. டாக்டர் வந்து காப்பாற்ற மாட்டார் என்ற ஒன்றே டாலெக்குகளுக்கு மறுபடி பயத்தைக் கொடுக்கிறது. அடிமைகளைக் காப்பாற்ற டாலெக்குகளுக்கே வேலை செய்யும் சூசன் மெண்டஸ் நல்லவளா துரோகியா என்ற கேள்வி முதல் நான்கு பாகமும் விடாது. மூன்றாம் சீசனில், டி.வி.யில் டாக்டராவதற்கு முந்தைய டேவிட் டெனன்ட் கேலனார் என்ற பாத்திரத்தில் வருகிறார் என்பது உபரி. ‘காலிஃப்ரே’, டைம் லார்டுகளின் அரசியல். நன்றாக எழுதியது, ஆனால் பழைய தொடரின் ரொமானாவும் லீலாவும் யாரென்று தெரியாமல், ‘ஸாக்ரியஸ்’ வரைக்கும் கேட்காமல் உள்ளே போனால் தெரியாத ஊர் சட்டமன்ற விவாதத்தைக் கேட்பதுபோல் இருக்கும். தொடக்கக்காரர்கள் தள்ளிவைக்கலாம்.

வசனம் வேகமாக ஓடும்போது ஆங்கிலம் நழுவுகிறது என்பவர்களுக்கு ‘கம்பேனியன் கிரானிகிள்ஸ்’தான் நல்லது. பெரும்பாலும், நடிகர்கள் மறைந்துவிட்ட முதல் மூன்று டாக்டர்களின் கதைகளை அவர்களின் துணைவர் பாத்திரம் நினைவுகூர்ந்து சொல்லும், இன்னொரு குரல் இடையிடையே வரும். ஒரே சிடி, எழுபது நிமிடம் போல. இறந்தகாலத்தில் நிதானமாகச் சொல்லும் கதை என்பதால் பின்தொடர்வது எளிது. 2008-இன் ‘ஹோம் ட்ரூத்ஸ்’ஸில் ஜீன் மார்ஷ், ஒரு வீட்டில் தங்க வந்த விருந்தாளிக்குப் பேய்க்கதைபோல ஒன்றைச் சொல்கிறார். அவர் நடித்த 1965-66 டி.வி. கதையைப் பார்க்காதவர்களுக்கும் முதுகு சில்லிடும். பழைய எபிசோடுகளின் ஒலிப்பதிவுகளுக்கு வர்ணனை சேர்த்து பி.பி.சி. வெளியிட்டவை வேறு இனம். அவை நம் வானொலியின் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம்போல, படத்துக்காக எழுதியதைப் படமில்லாமல் கேட்பது. காதுக்காக எழுதியதோடு அதைக் குழப்பிக்கொண்டு, ஒலி நாடகமே சலிப்பு என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு.

காசே செலவழிக்காமல் என்றால் 2022-இல் பி.பி.சி. வெளியிட்ட ‘ரிடாக்டட்’ பாட்காஸ்ட், பத்து எபிசோடு. டாக்டரின் வாகனமான நீலப்பெட்டியின் ரகசியத்தைத் துருவும் மூன்று தோழிகளின் பாட்காஸ்ட் என்ற வடிவிலேயே கதை. டாக்டர் ஹூவே தெரியாத நண்பரையும் கூடச் சேர்த்துக் கேட்கலாம்.

வாங்கியபின் நேரும் கோளாறுகள் பெரும்பாலும் கதைக்கு வெளியே. இரைச்சலான பஸ்ஸில் டாலெக் கதை கேட்காதீர்கள். மனிதக் குரலோடு சுமார் 30 ஹெர்ட்ஸ் அலையைப் பெருக்கித்தான் அந்த ரிங் மாடுலேட்டர் குரலை உண்டாக்குகிறார்கள். சொல்லின் ஓரங்கள் ஏற்கெனவே உடைந்திருக்கும், எஞ்சின் சத்தம் மிச்சத்தையும் தின்றுவிடும். கிசுகிசுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் இடைவெளி அதிகம் என்பதால் கிசுகிசுப்புக்கு ஏற்ப ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியில் காது போகும். மூடிய வகை ஹெட்ஃபோன் இருந்தால் தாழ்வாகவே வைத்துக் கேட்கலாம். ஒலிப்புத்தகப் பழக்கத்தில் 1.5 மடங்கு வேகம் வைப்பவர்கள் இங்கே 1-க்குத் திரும்ப வேண்டும். ‘சைம்ஸ்’ கடிகாரத்தை வேகமாக ஓட்டினால் என்ன மிஞ்சும்?

பிக் ஃபினிஷ் தளத்தில் சிடி வாங்கினாலும் டவுன்லோடு கூடவே கிடைக்கும். இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்கள் தபால் செலவுக்கும் சுங்கத்துக்கும் கணக்குப் பார்த்துவிட்டு டவுன்லோடோடு நிற்பதே நல்லது. பணம் கட்டும்முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும், புதிய கார்டுகளில் அது மூடியே வரும். கோப்பை எம்.பி.3 ஆகவும் எம்.4.பி ஆகவும் எடுக்கலாம். எம்.4.பி ஒரே கோப்பு, விட்ட இடத்தை ஒலிப்புத்தகச் செயலி நினைவில் வைத்துக்கொள்ளும். எம்.பி.3 என்றால் டிராக் டிராக்காக உடைந்து வரும். பாட்டுக் கேட்கும் செயலியில் ஷஃபிள் போட்டபடி இருந்தால் மூன்றாம் பாகத்தின் நடுவிலிருந்து கதை தொடங்கும், அதையும் ஏதோ புதுமையான கதைசொல்லல் என்று எண்ணிக் கேட்டுக்கொண்டே போக வாய்ப்பிருக்கிறது. 44-ஆவதான ‘கிரியேச்சர்ஸ் ஆஃப் பியூட்டி’ உண்மையிலேயே முன்பின்னாகத்தான் சொல்லப்படுகிறது என்பதால் அதில் மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது.

கடைசி டிராக்குகள் நடிகர்களின் பேட்டி. நடிகர்கள் முடிவை மறைத்துப் பேசும் வழக்கம் இல்லை, அதனால் கதைக்குமுன் அவற்றைத் தொடாதீர்கள். அட்டைப்படமும் அப்படியே. முதல் பாகத்தின் முடிவில் ‘டாலெக்குகள்!’ என்று டாக்டர் திடுக்கிடுவார், அட்டையில் இரண்டு வாரமாக மூன்று டாலெக்குகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.